பிராண்டுகளுக்கு மின்னஞ்சல் எழுதும் வலைப்பதிவர்களுக்கு: முதல் கடிதத்திலிருந்து கடைசிப் பாக்கி வரை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சமையலறைச் சாதன நிறுவனத்துக்கு நான்கு சமையல் குறிப்புகள் எழுதி, படமும் எடுத்துக் கொடுத்தேன். பேசிய தொகை 32,000 ரூபாய். பேசியது என்றால் உண்மையிலேயே பேசியதுதான், போனில். இரண்டாம் மாதம் அந்த மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் மிகப் பண்பாகக் கேட்டார்: "இதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, மேடம்?" என்னிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கட்டைவிரல் படம். ஏழு மாதம் அலைந்து 20,000 ரூபாய் வாங்கினேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை கீழே இருக்கின்றன. என் துறை சமையல். பயணமோ அழகுப்பொருளோ கைபேசியோ எழுதுகிறவர்களுக்கும் நடைமுறை ஏறத்தாழ இதேதான். மாதிரி வரிகளைத் தமிழில் தந்திருக்கிறேன். பெரும்பாலான நிறுவனங்களுக்கு நீங்கள் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். ஆகவே அந்த வரிகளில் என்னென்ன தகவல், எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள்.

1. முகவரியை முதலில் சரிசெய்யுங்கள்

கல்லூரி நாளில் விளையாட்டாக வைத்த முகவரியிலிருந்து விலை பேசாதீர்கள். உங்கள் தளத்துக்குச் சொந்த டொமைன், அதாவது நீங்களே வாங்கிய இணைய முகவரி, இருந்தால் அதே பெயரில் ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகும். முதல் ஆண்டுக்கு 99 ரூபாய், 199 ரூபாய் என்று ஆசை காட்டுவார்கள். வாங்குவதற்கு முன் இரண்டாம் ஆண்டுக்கான புதுப்பிப்பு விலையைப் பாருங்கள், சூடு அங்கேதான் இருக்கும். மின்னஞ்சலுக்கு ஜோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ் இரண்டும் பரவலாகப் புழங்குகின்றன. தொடங்கியதும், கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு பதிவுகளை டொமைன் அமைப்பில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் உங்கள் கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போக வாய்ப்பு அதிகம். பதில் வராத காரணம் தெரியாமல் நீங்கள் உங்கள் எழுத்தையே சந்தேகப்படுவீர்கள். நான் நான்கு மாதம் சந்தேகப்பட்டேன்.

கையொப்பத்தில் பெயர், தளத்தின் முகவரி, ஊர், கைபேசி எண் போதும். பொன்மொழி வேண்டாம். ஜிமெயில் என்றால், அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை அமைப்பில் 30 வினாடியாக வைத்துக்கொள்ளுங்கள். அது 5 வினாடியில் இருந்தால் தவறு கண்ணில் படும்போது கடிதம் போயிருக்கும்.

2. யாருக்கு, எப்போது எழுதுவது

தளத்தின் அடியில் இருக்கும் பொது முகவரி பெரும்பாலும் வாடிக்கையாளர் புகார்களுக்கானது. மிக்ஸி மூடி உடைந்தவர்களின் வரிசையில் உங்கள் கடிதமும் நிற்கும். லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் இருப்பவரின் பெயரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பொது முகவரிக்கு இரண்டே வரி எழுதி, இந்த வேலையைப் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். மசாலாப் பொடி, செக்கு எண்ணெய், மண்பாண்டம் என்று ஊர்ப்புறத்தில் நடக்கும் சிறு நிறுவனங்களில் உரிமையாளரே மின்னஞ்சல் பார்ப்பார். அவர்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், எழுதியிருக்கிறேன், பதிலும் வந்திருக்கிறது.

காலம் முக்கியம். தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்று ஐப்பசி பிறந்த பிறகு எழுதினால் பணம் ஏற்கெனவே பங்கு போயிருக்கும். நான் தீபாவளிக்கு ஜூலை கடைசியிலும், பொங்கலுக்கு அக்டோபரிலும் எழுதுகிறேன். மார்ச்சில் புது வேலை கேட்காதீர்கள். அந்த மாதம் கணக்கு முடிக்கும் மாதம். ஆயுத பூஜை வாரத்தில் எழுதினால் கடிதத்துக்குப் பொட்டு வைத்து மூலையில் வைத்துவிடுவார்கள்.

3. முதல் கடிதம்

தலைப்பு வரியில் விஷயம் இருக்க வேண்டும். 'வணக்கம்', 'ஒரு வேண்டுகோள்', 'கொலாபரேஷன்!!!' போன்ற தலைப்புகளை யாரும் திறப்பதில்லை. 'பொங்கலுக்கு மூன்று சிறுதானியக் குறிப்புகள் – உங்கள் குக்கரில்' என்று எழுதினால் திறப்பார்கள்.

விளிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஜோதி ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், கிரணும் அப்படித்தான். தெரியாதபோது சார், மேடம் இரண்டையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி நான் எழுதிய ஒரு கடிதத்தை ஒரு நிறுவனத்தின் உரிமையாளரான அம்மாள் படித்தார். பதிலில் தன் பெயருக்குக் கீழே "(சார் இல்லை)" என்று போட்டிருந்தார். வேலை கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

உடலில் ஏழெட்டு வரி போதும். மாதிரி:

"அன்புள்ள ஜோதி, வணக்கம். நான் மதுரையிலிருந்து தமிழில் சமையல் எழுதுகிறேன். கடந்த 90 நாளில் என் தளத்தைப் படித்தவர்கள் 41,000 பேர். பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருப்பவர்கள். உங்கள் மூன்று லிட்டர் குக்கரை வீட்டில் இரண்டு ஆண்டாகப் பயன்படுத்துகிறேன். பொங்கலுக்கு வரகு, சாமை, தினை மூன்றிலும் சர்க்கரைப் பொங்கல் செய்து எழுத எண்ணம். இதேபோல் முன்பு எழுதிய இரண்டு பதிவுகளின் இணைப்பு கீழே. ஆர்வம் இருந்தால் விலையும் தேதியும் அனுப்புகிறேன்."

எண்ணை ஏற்றிச் சொல்லாதீர்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்வார்கள், அன்று முகம் வாடும். முதல் கடிதத்தில் கோப்பு எதையும் இணைக்காதீர்கள். ஜிமெயிலில் 25 எம்பி வரை போகும் என்பதற்காக 20 எம்பிக்கு மீடியா கிட் (தளத்தைப் பற்றிய அறிமுகக் கோப்பு) அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதை இணையத்தில் ஏற்றி லிங்க்காகக் கொடுங்கள், அந்த லிங்க் அனுமதி கேட்காமல் திறக்கிறதா என்று வேறொரு கைபேசியில் சோதியுங்கள்.

எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி: பழைய கடிதத்தை நகலெடுத்து, உள்ளே வேறு நிறுவனத்தின் பெயரை மாற்ற மறப்பது. பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள். முழுதும் படித்து முடிக்காமல் கடிதம் போகவே போகாது.

4. பதில் வராவிட்டால்

ஏழு வேலைநாள் பொறுங்கள். பிறகு அதே கடிதத்தொடரில் இரண்டு வரி எழுதுங்கள். இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை. அதோடு நிறுத்துங்கள். அவர்களுடைய சொந்த இன்ஸ்டாகிராம் கணக்கில் போய்க் கதவைத் தட்டுவது மரியாதை ஆகாது.

5. அவர்களே எழுதினால் முதலில் சந்தேகப்படுங்கள்

பெரிய பிராண்டு உங்களைத் தேடி எழுதினால் மகிழ்ச்சி வரும். அந்த மகிழ்ச்சியில்தான் ஏமாற்றுகிறார்கள். பெயர் பெரிய நிறுவனத்தினுடையது, முகவரி மட்டும் ஜிமெயில் என்றால் நிறுத்துங்கள். டொமைனில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஒப்பந்தம் என்று சொல்லிக் கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு வந்தால் திறக்கவே கூடாது. அதில் வருவது பல நேரம் உங்கள் யூடியூப், இன்ஸ்டாகிராம் கணக்குகளைத் திருடும் நிரல். "பொருள் இலவசம், கூரியர் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்பதும் அதே சாதி. உண்மையான நிறுவனம் தானே கூரியர் செலவைக் கட்டும். ஏஜென்சி வழியாக வந்தால், எந்தப் பிராண்டுக்கு, பணம் யார் தருவார்கள், எத்தனை நாளில் என்ற மூன்றையும் முதல் பதிலிலேயே கேளுங்கள். "கிளையண்ட் பணம் கொடுத்த பிறகு" என்று வந்தால் அதற்கு ஒரு கடைசித் தேதி கேளுங்கள்.

6. விலை பேசுவது

"உங்கள் விலை என்ன?" என்று ஒற்றை வரியில் கேட்பார்கள். ஒற்றை எண்ணில் பதில் சொல்லாதீர்கள். எத்தனை பதிவு, எத்தனை படம், வீடியோ உண்டா, படங்களை அவர்கள் தங்கள் விளம்பரத்திலும் பயன்படுத்துவார்களா, போட்டி நிறுவனங்களோடு எத்தனை மாதம் வேலை செய்யக்கூடாது என்பார்கள் – இவ்வளவும் தெரிந்தால்தான் விலை. இந்தக் கேள்விகளை அனுப்பும்போதே நீங்கள் தொழில் தெரிந்தவர் என்று அவர்களுக்கும் புரிந்துவிடும்.

நான் கொடுக்கும் விலையை இரண்டாகப் பிரிக்கிறேன்: எழுதி வெளியிடுவதற்கு ஒன்று, படங்களை அவர்கள் பயன்படுத்தும் உரிமைக்கு இன்னொன்று. பேரம் வந்தால் முதல் தொகையைத் தொடமாட்டேன், இரண்டாவதில் மாதங்களைக் குறைப்பேன். முதன்முறையாக வேலை செய்யும் நிறுவனத்திடம் பாதியை முன்பணமாகக் கேளுங்கள். தரமாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பத்தில் நான்கு பேர் எனக்குத் தந்திருக்கிறார்கள்.

"டூஃபாலோ இணைப்பு வேண்டும்" என்று சிலர் கேட்பார்கள். அதாவது, கூகுள் தேடலில் அவர்கள் தளத்துக்கு மதிப்புக் கூட்டும் இணைப்பு. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் இணைப்பை ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ என்று குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் தேடலில் அடிவாங்குவது உங்கள் தளம். இதை நேராக எழுதி மறுத்துவிடுங்கள்.

7. பேசியதை எல்லாம் அன்றே கடிதமாக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். போனிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுவதை உங்களால் தடுக்க முடியாது, நம் ஊரில் வேலை அப்படித்தான் நடக்கிறது. பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மின்னஞ்சல் போக வேண்டும்:

"வணக்கம் ஜோதி. இன்று காலை பேசியதைக் கீழே எழுதியிருக்கிறேன்.
வேலை: மூன்று குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு படங்கள்.
வரைவு அனுப்பும் நாள்: டிசம்பர் 20. உங்கள் கருத்து வர வேண்டிய நாள்: டிசம்பர் 24.
திருத்தம்: இரண்டு முறை. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய்.
வெளியீடு: ஜனவரி 5. பதிவில் 'விளம்பரம்' என்ற குறிப்பு இருக்கும்.
படப் பயன்பாடு: உங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் மட்டும், ஆறு மாதம்.
கட்டணம்: 36,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளில்.
சரியென்றால் 'சரி' என்று ஒரு பதில் அனுப்புங்கள், வேலையைத் தொடங்குகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு சொல் பதில் வரும்வரை கடைக்குப் போய் வரகு வாங்காதீர்கள். நிறுவனமே ஒப்பந்தம் அனுப்பினால் இதே விவரங்களை அதில் விரல் வைத்துத் தேடுங்கள். 'நிரந்தரமாக', 'எல்லா ஊடகங்களிலும்' என்ற சொற்கள் படப் பயன்பாட்டுப் பத்தியில் ஒளிந்திருக்கும். '30 நாள்' என்றால் எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். வெளியான நாளா, இன்வாய்ஸ் போன நாளா, கணக்குப் பிரிவு அதை ஏற்ற நாளா என்பதில் ஒரு மாதம் மறைந்துவிடும்.

நகல் பட்டியலில் அவர்கள் யாரையெல்லாம் சேர்த்திருக்கிறார்களோ அவர்களை விட்டுவிடாமல் எல்லோருக்கும் பதில் அனுப்புங்கள். மேலாளர் வேலை மாறினாலும் இன்னொருவரிடம் கடிதம் இருக்கும். ஆனால் அந்த மேலாளரைப் பற்றி வீட்டுக்காரருக்குப் புலம்பும் கடிதத்தில் 'எல்லோருக்கும் பதில்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

8. காகிதங்கள்

சரி என்று வந்ததும் விற்பனையாளர் பதிவுப் படிவம் ஒன்று வரும். பான் அட்டை நகல், ரத்து செய்த காசோலை, முகவரிச் சான்று, ஜிஎஸ்டி எண் அல்லது பதிவு இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றை ஒரே கோப்புறையில் பிடிஎஃப் வடிவில் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகலைக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பல இடங்களில் பான் போதும்.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: தலைப்பெழுத்து. பான் அட்டையில் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாகப் போட்டிருப்பார்கள். வங்கிக் கணக்கில் 'எஸ்' என்று ஓர் எழுத்து மட்டும் இருக்கும். வடக்கே உட்கார்ந்திருக்கும் கணக்குப் பிரிவுக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். என் படிவம் இதனாலேயே மூன்று முறை திரும்பி வந்தது. 26 நாள் போயிற்று. வங்கிக்குப் பான் நகலோடு போய்ப் பெயரை ஒன்றாக்கிவிடுவதுதான் நிரந்தர வழி. அதுவரை, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுப் படிவத்தோடு இணையுங்கள். பான் ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செயலிழந்த பான் என்றால் வரிப் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

ஜிஎஸ்டி பற்றி நிறையக் குழப்புவார்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. நிறுவனம் பெங்களூரிலோ மும்பையிலோ இருந்தாலும் இதே வரம்புதான். பதிவு இல்லாமல் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி சேர்த்து வசூலிக்கக்கூடாது.

உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். நுண், சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு அது. அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை, கட்டணம் இல்லை. தேடலில் முதலில் வரும் தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் பறிக்கின்றன. வேலை தொடங்குவதற்கு முன்பே பதிந்திருங்கள். ஏன் என்று பதினோராம் பகுதியில் வரும்.

9. இன்வாய்ஸ்

வேலை முடிந்த அன்றே அனுப்புங்கள். உங்கள் பெயர், முகவரி, பான், நிறுவனத்தின் முழுச் சட்டப்பெயர், வரிசை எண், தேதி, வேலை விவரம், தொகை, வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி. அவர்கள் பர்ச்சேஸ் ஆர்டர் (வேலைக்கான ஆணை) எண் கொடுத்திருந்தால் அது கட்டாயம். அந்த எண் இல்லாத இன்வாய்ஸை யாரும் திருப்பி அனுப்பக்கூட மாட்டார்கள், அப்படியே கிடக்கும். பிராண்டு பெயரும் சட்டப்பெயரும் வேறாக இருக்கும், கேட்டு எழுதுங்கள். மார்ச் மாத வேலைக்கு மார்ச் 31 தேதிக்கு முன் அனுப்பாவிட்டால் "போன ஆண்டுக் கணக்கு மூடியாயிற்று" என்ற பாட்டைக் கேட்க நேரும்.

முழுத் தொகை வராது. ஒரே நிறுவனத்திடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தமாக எடுத்துக்கொள்வார்கள். 60,000 ரூபாய்க்கு 54,000 கையில் வரும். மீதி உங்கள் பான் கணக்கில் வரியாகச் சேரும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம். சில நிறுவனங்கள் இதை ஒப்பந்த வேலையாகக் கொண்டு 1 சதவீதம் பிடிக்கின்றன. எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

10. இலவசப் பொருள், விளம்பரக் குறிப்பு

பணத்துக்குப் பதில் பொருள் தருவதாக எழுதினால் அதன் சந்தை விலையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு நிதியாண்டில் ஒரு நிறுவனம் தரும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டி, அவற்றை நீங்களே வைத்துக்கொண்டால், அதற்கும் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. இது 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. 24,000 ரூபாய் அடுப்பு என்றால் 2,400 ரூபாயை யார் கட்டுவது என்று பார்சல் வருவதற்கு முன் மின்னஞ்சலில் தீர்த்துக்கொள்ளுங்கள். சோதித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கூரியர் ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

"விளம்பரம் என்று போடாமல் இயல்பாக எழுதுங்கள்" என்று கேட்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் செயல்பாட்டில் இருக்கின்றன. பணமோ இலவசப் பொருளோ வாங்கினால் எடுத்த எடுப்பிலேயே கண்ணில் படும்படி சொல்ல வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்தில் மறைக்கக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. "குறிப்பு இல்லாமல் வெளியிட இயலாது, விதி அப்படி" என்று ஒரு வரி எழுதுங்கள். விளக்கிக் கொண்டிருக்க வேண்டாம். வற்புறுத்தினால் அந்த வேலையை விடுங்கள்.

11. பாக்கி கேட்பது

நமக்குப் பணம் கேட்க வெட்கம். முன்பெல்லாம் நான் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்குவேன். இப்போது தொடங்குவதில்லை.

கெடுவுக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல். கெடு முடிந்த மறுநாள்: "இன்வாய்ஸ் எண் 7, தொகை 18,000 ரூபாய், கெடு நேற்று முடிந்தது. பணம் வரும் தேதியைத் தெரிவியுங்கள்." பழைய கடிதத்தொடரிலேயே அனுப்பி, இன்வாய்ஸை மறுபடி இணையுங்கள். "தேடிப் பார்க்கிறேன்" என்று சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பிரிவையும் நகலில் சேருங்கள். அங்கே இருப்பவரிடம் இதமாகப் பேசுங்கள். தாமதம் பெரும்பாலும் அவர் செய்ததில்லை, மார்க்கெட்டிங் ஆள் ஒப்புதல் அழுத்த மறந்திருப்பார்.

அதற்கும் அசையாவிட்டால் உத்யம் உதவும். பதிவுள்ள நுண், சிறு நிறுவனங்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் தர வேண்டும் என்கிறது 2006 நுண், சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. பதிவு எண்ணைக் கையொப்பத்துக்குக் கீழே போட்டு, இந்த விதியைக் கோபம் இல்லாமல் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். எனக்கு இரண்டு முறை அந்த வாக்கியமே போதுமானதாக இருந்தது, ஒன்றில் நான்காம் நாள் பணம் வந்தது. அப்படியும் வராவிட்டால் இதற்கென்று மாநிலத்தில் இருக்கும் வசதியாக்கக் குழுவிடம் இணையவழி முறையிடலாம். சமூக ஊடகத்தில் பெயர் போட்டுத் திட்டுவதைக் கடைசி வரைக்கும் செய்யாதீர்கள். பணமும் வராது, அடுத்த நிறுவனம் அதைப் படித்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைத் திறக்கும்.

12. பணம் வந்த பிறகு

"பெற்றுக்கொண்டேன், நன்றி" என்று அன்றே எழுதுங்கள். பதிவு வெளியாகி 30 நாள் ஆனதும் எத்தனை பேர் படித்தார்கள், என்ன கேட்டார்கள் என்று நான்கு வரியில் அனுப்புங்கள். யாரும் கேட்கமாட்டார்கள்; கேட்காமல் அனுப்புவதால்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் இரண்டாம் வேலைகளில் பாதி இந்தக் கடிதத்திலிருந்து வந்தவை. அதிலேயே வரிப் பிடித்தச் சான்றிதழையும் கேட்டுவிடுங்கள். அது காலாண்டுக்கு ஒருமுறைதான் வரும், ஜூலையில் வருமான வரிக் கணக்குக்கு உட்காரும்போது தேடினால் கிடைக்காது.